அத்தியாயம் 5: கையளவு யாளி

சிங்கத்தின் உடல், யானையின் துதிக்கை, கடாவின் கொம்பைப் போல் சுருண்ட பிடரி, பிதுங்கி நிற்கும் கண். யாளியை உயிரோடு கண்டவர் எவரும் இல்லை. ஆனாலும் மதுரைக்காரருக்கு அது வேற்று விலங்கு அல்ல. சித்திரைத் திருவிழாவில் பூதம், அன்னம், காமதேனு வரிசையில் யாளியும் வாகனமாக மாசி வீதிகளைச் சுற்றி வருகிறது. கோயில் தூண்களில் ஆளைவிட உயரமாக எழுந்து நிற்கிறது. அந்த யாளியை ஆறு விரல் உயரத்தில், கொலுப்படியில் வைக்கும் அளவில், களிமண்ணில் செய்து சுட்டெடுப்பதுதான் இந்த அத்தியாயத்தின் பாடம்.

முந்தைய அத்தியாயங்களில் மாடு, யானை, கிளி செய்தோம். அவற்றில் சந்தேகம் வந்தால் தெருவில் போய்ப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடிந்தது. யாளிக்கு அந்த வசதி இல்லை. அதனால் பலரும் மனம்போன போக்கில் உறுப்புகளைச் சேர்க்கிறார்கள். கிடைப்பது துதிக்கை ஒட்டிய சிங்கப் பொம்மை. எந்த இடத்தில் சிங்கம் முடிந்து யானை தொடங்குகிறது என்று பார்ப்பவர் விரல் வைத்துக் காட்ட முடிந்தால், அது இன்னும் யாளி ஆகவில்லை என்று பொருள். மண்ணும் இதையே சொல்கிறது. அவசரமாக ஒட்டிய இடத்தில்தான் காயும்போது விரிசல் ஓடுகிறது. கண்ணை உறுத்தும் ஒட்டும் சூளையில் விட்டுப்போகும் ஒட்டும் பெரும்பாலும் ஒரே ஒட்டுதான். ஆகவே இந்த அத்தியாயம் முழுவதும் ஒட்டைப் பற்றியதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்ணைத் தொடுமுன் பார்க்க வேண்டியவை

முதலில் புதுமண்டபம். மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய மண்டபம். அதன் பெரிய தூண்களில் குதிரை வீரர்களும் யாளிகளும் பின்னங்காலில் எழுந்து நிற்பதைக் காணலாம். காலை வெயில் சாய்வாக விழும்போது போனால் பிடரிச் சுருளும் விலாவும் நிழலோடு எழுந்து தெரியும்.

அடுத்தது கோயிலுக்குள் இருக்கும் ஆயிரங்கால் மண்டபம். 1569ஆம் ஆண்டு அரியநாத முதலியார் கட்டியதாகச் சொல்லப்படும் இம்மண்டபத்தில் உள்ள தூண்கள் 985. நடுப்பாதையின் இருபக்கமும் யாளிகள் வரிசை பிடித்து நிற்கும். கோயிலுக்குள் செல்போனுக்கு அனுமதி இல்லை. நம் வேலைக்கு இது நல்லதே. ஒரே ஒரு யாளியின் முன் கால் மணி நேரம் நின்று பாருங்கள். வெளியே வந்து, சித்திரை வீதியில் உட்கார்ந்து, நினைவிலிருந்து வரையுங்கள். வரைய வராத இடம்தான் நீங்கள் பார்க்கத் தவறிய இடம். மறுநாள் போய் அதை மட்டும் பாருங்கள்.

பார்க்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். யாளியும் அது சாய்ந்திருக்கும் தூணும் ஒரே கல். சிற்பி வேண்டாததைச் செதுக்கித் தள்ளியிருக்கிறார், எதையும் ஒட்டவில்லை. அதனால் துதிக்கை மேல்தாடையிலிருந்தும், பிடரி கழுத்துத் தசையிலிருந்தும் தானாக வளர்ந்ததுபோல் வருகிறது. நாம் மண்ணைக் கூட்டிச் செய்பவர்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பிகளும் அப்படித்தான்: உள்ளே செங்கல், மேலே சுண்ணாம்புச் சாந்து, பூச்சின்மேல் பூச்சு. கூட்டிச் செய்ததைச் செதுக்கி எடுத்ததுபோல் காட்டுவதே நம் சவால்.

மூன்றாவதாக, உயிருள்ள விலங்குகள். மதுரையைச் சுற்றிச் சிங்கம் இல்லை. ஆனால் யாளிக்கு வேண்டிய உடல்கள் எல்லாம் இங்கேயே திரிகின்றன.

வேப்பங்கிளையை எட்டித் தின்னப் பின்னங்காலில் எழும் வெள்ளாட்டைப் பாருங்கள். எழுந்த யாளியின் நிலை முழுவதும் அதில் இருக்கிறது. பின்னங்குளம்பு இரண்டும் சற்றே அகன்று ஊன்றும். இடுப்பு முன்னே தள்ளும். முதுகு வில்லாக வளையும். முன்னங்கால்கள் முழங்காலில் மடங்கி நெஞ்சோடு ஒட்டும். எடை முழுவதும் பின்குளம்புக்கு நேர்மேலே வந்து நின்றபிறகுதான் ஆடு இலையைக் கவ்வும். எடை அங்கே வராத பொம்மை முன்பக்கம் கவிழும்; பார்ப்பவர் மனதிலும் கவிழும்.

நெஞ்சு அகலத்துக்கு ஜல்லிக்கட்டுக் காளை, ஒட்டிய வயிற்றுக்கும் பின்தொடைக்கும் சிப்பிப்பாறை நாய், துதிக்கைக்குக் கோயில் யானை. யானையின் துதிக்கை நெற்றியிலிருந்தே தொடங்குகிறது, மூக்கு நுனியிலிருந்து அல்ல. யாளி செய்பவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இதுதான்.

மண்

மதுரையில் பொம்மை மண் என்றால் விளாச்சேரி. திருப்பரங்குன்றத்துக்கு அருகில் உள்ள இந்த ஊரில் தலைமுறை தலைமுறையாகக் கொலுப் பொம்மை, பிள்ளையார், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் செய்கிறார்கள். பதப்படுத்திய களிமண்ணை அங்கிருந்து விலைக்கு வாங்கிவிடுவது எளிது. ஒரு யாளிக்கு அரைக் கிலோ போதும். பழகுவதற்கும் சேர்த்து மூன்று கிலோவாக வாங்குங்கள்.

விளாச்சேரியில் அச்சில் வார்த்த பொம்மைகளே அதிகம். இரண்டு பாதி அச்சில் மண்ணை அழுத்தி, பிரித்து, சேர்ப்பார்கள். மடங்கிய முன்னங்கால், நெஞ்சைத் தொட்டுச் சுருளும் துதிக்கை, திறந்த வாய்க்குள் நாக்கு என்று உள்வளைவுகள் நிறைந்த உருவம் அச்சிலிருந்து உடையாமல் கழன்று வராது. சிறிய யாளியைக் கையால்தான் செய்தாக வேண்டும் என்பதற்குக் காரணம் இதுவே.

கண்மாய்க் களியை நீங்களே பதப்படுத்த விரும்பினால்: கட்டிகளை வெயிலில் நன்றாகக் காயவைத்து உடைத்து, மூன்று நாள் நீரில் ஊறவிடுங்கள். கூழாகக் கரைந்ததும் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். வேர், சுண்ணாம்புக்கல், ஓடு எல்லாம் துணியில் தங்கிவிடும். சுண்ணாம்புக்கல் ஒரு கடுகளவு உள்ளே போனாலும் சுட்டபின் ஈரத்தை இழுத்து உப்பி, மேற்பரப்பைச் சில்லாகப் பெயர்த்துவிடும். வடித்த கூழைச் செங்கல்மேல் துணி விரித்து ஊற்றினால் செங்கல் நீரை உறிஞ்சும். கைக்கு வந்ததும் நான்கு பங்கு களிக்கு ஒரு பங்கு சலித்த நுண்மணல் சேர்த்துப் பிசைந்து, ஈரக்கோணியில் சுற்றி, பதினைந்து நாள் வையுங்கள். பெரிய உருவங்களுக்குச் சேர்க்கும் உமியும் வைக்கோலும் நமக்கு வேண்டாம். எரிந்தபின் அவை விடும் துளை, ஆறு விரல் உருவத்தில் அம்மைத் தழும்புபோல் தெரியும்.

மண் சரிதானா என்று அறிய, பென்சில் தடிமனில் திரித்து விரலைச் சுற்றி வளையுங்கள். வெடித்தால் மணல் கூடுதல். கையில் பிசுபிசுவென்று ஒட்டினால் மணல் போதாது. பின்பு ஒரு பட்டையில் 10 செ.மீ. கோடு கிழித்துக் காயவைத்துச் சுட்டுப் பாருங்கள். பெரும்பாலும் 9 செ.மீ. அளவுக்கு வந்து நிற்கும். பத்தில் ஒரு பங்கு சுருங்கும் என்று வைத்துக்கொண்டு, உருவத்தை அந்த அளவு பெரிதாகச் செய்ய வேண்டும்.

கருவிகளும் அளவும்

தென்னை ஈர்க்கு, கூராக்கிய மூங்கில் குச்சி, நுனி தட்டையாக்கிய சைக்கிள் ஸ்போக்ஸ் கம்பி, உடைந்த சீப்புத் துண்டு, வழவழப்பான கூழாங்கல், ஈரத்துணி, கிண்ணத்தில் மண்குழம்பு. கடையில் வாங்க வேண்டியது எதுவும் இல்லை.

சிற்ப மரபில் எட்டு எள் ஒரு நெல், எட்டு நெல் ஒரு விரல். விரல் என்பது விரலின் அகலம். சிறிய உருவத்துக்கு இது செ.மீ. அளவைவிடக் கைக்கு இணக்கமானது. சுட்டபின் ஆறு விரல் நிற்க வேண்டிய யாளியை ஈரத்தில் ஏழு விரலுக்குச் சற்றுக் குறைவாகச் செய்யுங்கள். அதில் தலைக்கு இரண்டு பங்கு, கழுத்து முதல் இடுப்பு வரை இரண்டரைப் பங்கு, பின்னங்காலுக்கு ஒன்றரைப் பங்கு. தலை உடலுக்குப் பெரிதாகத் தெரிந்தாலும் மாற்ற வேண்டாம். முகம் ஆளுகிற விலங்கு இது.

செய்முறை

1. தூணில் தொடங்குங்கள். இரண்டு விரல் கனமுள்ள சதுரத் தூணை யாளியின் உயரத்தைவிட ஒரு விரல் கூடுதலாக நிறுத்துங்கள். அடியிலிருந்து மூங்கில் குச்சியைச் செருகி மேல்வரை துளையிட்டு, குச்சியைச் சுழற்றி உருவுங்கள். தூண் குழாய்போல் ஆகிவிடும்.

2. உடலைத் தூணிலிருந்தே எழுப்புங்கள். தூண் ஈரமாக இருக்கும்போதே முன்பக்கம் மண்ணை அப்பி, கட்டை விரலால் கீழிருந்து மேலாக இழுத்துத் தூணோடு கலக்கவிடுங்கள். நெஞ்சு, ஒட்டிய வயிறு, தொடை மூன்றும் ஒரே மொத்தையில் தெரிய வேண்டும். பிரித்துச் செய்து பிறகு சேர்ப்பது இந்த இடத்தில் கூடாது. முதுகு தூணோடு ஒன்றியிருப்பதால், மெலிந்த பின்னங்கால்கள் தனியாகச் சுமை தாங்க வேண்டியதில்லை. கல் சிற்பி காட்டித்தந்த வழி இது.

3. தலைக்கு ஓர் எலுமிச்சை அளவு மண். கழுத்தில் சீப்பால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தலையின் அடியிலும் கீறி, இரண்டிலும் மண்குழம்பு தடவி, அழுத்தித் திருகி உட்கார வையுங்கள். சுற்றிலும் மெல்லிய மண்திரி வைத்து ஈர்க்கால் இழைத்துவிடுங்கள். இரண்டு பக்க மண்ணும் ஒரே ஈரத்தில் இருக்க வேண்டும். ஒன்று காய்ந்தும் ஒன்று ஈரமாகவும் இருந்தால், வெவ்வேறு வேகத்தில் சுருங்கி இரண்டும் பிரியும்.

4. துதிக்கை. விளாச்சேரியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நான் இதைப் பழகிக்கொண்டிருந்தபோது, துதிக்கையைத் தனியே உருட்டி முகத்தில் ஒட்டப் போனேன். பக்கத்தில் பொம்மைக்கு விளிம்பு வழித்துக்கொண்டிருந்த வயதான அம்மா கையை நீட்டித் தடுத்தார். "தம்பி, துதிக்கைய ஒட்டாதீக. மூஞ்சியில இருந்தே இழுங்க. தானா வந்த மண்ணு வேற, ஒட்டவச்ச மண்ணு வேற" என்றார். தலையைக் கையில் வாங்கி, நெற்றியில் கொஞ்சம் மண் கூட்டி, ஈரமான ஆட்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் இடையில் பசுவின் மடியில் பால் இழுப்பதுபோல் இழுத்தார். ஐந்தாறு இழுப்பில் நெற்றி மூக்காகி, மூக்கு துதிக்கையாகிக் கீழே இறங்கியது. முகத்தில் ஒட்டு எங்கே என்று தேட இடமே இல்லை. அன்று முதல் நான் துதிக்கையை ஒட்டியதில்லை.

நீங்களும் அப்படியே இழுங்கள். நுனியை நெஞ்சைத் தொடும்படி வளைத்து, தொடும் இடத்தில் கீறிக் குழம்பு வைத்து இணையுங்கள். அந்தரத்தில் நிற்கும் துதிக்கை முதல் வாரத்திலேயே ஒடிந்துபோகும்.

5. வாயை ஸ்போக்ஸ் கம்பியால் கீறித் திறந்து, உதட்டைப் பின்னுக்குத் தள்ளுங்கள். கடைவாய் காது வரை போகட்டும். கோரைப்பல் நான்கு, அரிசி வடிவில். சில கோயில்களில் யாளியின் வாய்க்குள் உருளும் கற்பந்தைப் பார்த்திருப்பீர்கள். அதே கல்லை உள்ளேயே குடைந்து உருட்டியது அது. மண்ணில் முயல்வதானால், மிளகளவு மண் உருண்டையை முன்னதாகவே சுட்டுவைத்து, பல் வைக்குமுன் வாய்க்குள் போட்டுவிடுங்கள். சுட்ட உருண்டை இனிச் சுருங்காது, வாய் சுருங்கும். அந்த இடைவெளியைக் கணக்கிட்டு வாயைப் பெரிதாக விடுங்கள்.

6. முன்னங்கால்களை ஆட்டின் நினைவோடு மடக்குங்கள். தோளில் சேரும் இடம் அகலமாகவும், பாதம் நோக்கி ஒடுங்கியும் இருக்கட்டும். வால் தூணின் பக்கவாட்டில் படிந்து மேலேறட்டும்.

7. பிடரியைத் திரிகளாக உருட்டிச் சுருட்டி வையுங்கள். சுருளின் வால்பகுதியைக் கழுத்துத் தசைக்குள் ஈர்க்கால் வழித்து மறையுங்கள். சுருள் தெரிய வேண்டும். அது எங்கிருந்து வந்தது என்பது தெரியக் கூடாது.

8. கண்ணுக்கு இரண்டு பயறு அளவு உருண்டை. குழி தோண்டி, குழம்பு வைத்து, உள்ளே அமர்த்துங்கள். மேலே புருவம் தடிமனாகக் கவியட்டும். கருவிழியை இப்போது கீற வேண்டாம்.

9. நகப்பதம் வந்ததும், அதாவது நகம் பதிந்தாலும் உறுப்பு வளையாத நிலையில், நெஞ்சையும் தலையையும் குடைய வேண்டும். தூணின் பின்புறத்தில் ஒரு சன்னல் வெட்டி, அதன் வழியே கம்பியால் நெஞ்சுக்குள் உள்ள மண்ணைச் சுரண்டி எடுங்கள். தலைக்கு வாய் வழியே துளை போதும். எந்த இடத்திலும் மண் சுண்டுவிரல் கனத்தை மிஞ்சக் கூடாது. குடைந்தபின் சன்னலை மூட வேண்டாம்.

மதுரை, சிவகங்கை வட்டாரத்தில் புரவி எடுப்பு விழாவுக்காகக் குயவர்களான வேளார்கள் செய்யும் அய்யனார் குதிரைகள் ஆள் உயரம் நிற்கும். அவையும் உள்ளே வெற்றிடம்தான். எவ்வளவு பெரிய உருவமும் மெல்லிய சுவராக இருந்தால் சூளையைத் தாங்கும். கைப்பிடிக் கட்டி உள்ளே அடைத்திருந்தால் தாங்காது. என் முதல் யாளியின் நெஞ்சைக் குடையாமல் சூளைக்கு அனுப்பினேன். துதிக்கையும் பாதியளவு பிடரியும் மட்டுமே திரும்பி வந்தன.

உலர்த்தல்

ஒரு வாரம் நிழலில். முதல் இரண்டு நாள் மேலே ஈரத்துணி போர்த்தி, பிறகு காகிதம் மூடி, கடைசியில் திறந்து வையுங்கள். காது, வால், துதிக்கை நுனி மெல்லியவை. உடலுக்கு முன்பே காய்ந்து இழுக்கும். அவற்றுக்கு மட்டும் நனைத்த நூலைச் சுற்றிவிடுங்கள். சித்திரை, வைகாசி வெயிலைவிட ஆடிக் காற்றுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். ஒருபக்கமாக வீசும் காற்று ஒருபக்கமாகவே காயவைத்து உருவத்தை முறுக்கிவிடும். புரட்டாசிக் கொலுவுக்கு வேண்டுமானால் ஆனியிலேயே தொடங்கி, ஆடியில் உள்ளறையில் உலர்த்துங்கள். காய்ந்ததா என்று அறிய, உருவத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

சுடுதல்

விளாச்சேரிச் சூளைக்காரரிடம் கேட்டு, அவர் பொம்மைகளின் இடைவெளியில் வைத்துச் சுட்டுத் தரச் சொல்வதே நல்ல வழி. அதற்கான கூலியைத் தயங்காமல் கொடுங்கள். சூளையில் ஓரிடம் என்பது அவருக்கு ஒரு பொம்மையின் விலை.

வீட்டுத் தோட்டத்தில் சுடுவதானால், அகன்ற பானையில் மணல் பரப்பி யாளியைப் படுக்க வைத்து, சுற்றிலும் உமி நிரப்பி, வெளியே வறட்டியும் சுள்ளியும் அடுக்குங்கள். முதல் இரண்டு மணி நேரம் தணல் மட்டும். மண்ணில் மிச்சமிருக்கும் ஈரம் 100 டிகிரியில் ஆவியாகிறது. அவசரப்பட்டால் அந்த ஆவியே உருவத்தைப் பிளக்கும். 450 முதல் 600 டிகிரிக்குள் மண்ணின் சேர்மானத்தில் கட்டுண்ட நீரும் வெளியேறுகிறது. அதன்பின் அது மறுபடி நீரில் கரையாது. நாட்டுச் சூளை சாதாரணமாக 700 முதல் 900 டிகிரி வரை எட்டும். ஆறும்போதும் பொறுமை வேண்டும். 573 டிகிரியில் மணலின் படிகக்கல் திடீரென்று அளவு மாறுகிறது. சூடு இருக்கும்போதே சாம்பலைக் கலைத்துக் காற்றுப் பட்டால் மயிரிழை விரிசல் நிச்சயம். மறுநாள் காலை வரை கை வைக்காதீர்கள். காற்றோட்டம் இருந்த பக்கம் சிவந்தும், புகை அடைந்த பக்கம் கறுத்தும் வரும். இரண்டும் அழகுதான்.

கோளாறும் பரிகாரமும்

கழுத்தில் விரிசல், நகப்பதத்துக்கு முன்: கீறித் திறந்து குழம்பு வைத்து மறுபடி இழையுங்கள். மேலே பூசி மறைத்தால் சூளையில் திரும்ப வரும்.

காய்ந்தபின் விரிசல்: உருவத்தை நீரில் கரைத்துவிடுங்கள். சுடாத மண் வீணாவதில்லை.

சுட்டபின் காதோ வாலோ ஒடிந்தால்: எம்சீல் வைத்து ஒட்டி, உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள்.

யாளி முன்னே சாய்ந்தால்: தூணின் அடியை ஈரத்துணிமேல் தேய்த்துப் பின்பக்கம் சற்றே குறையுங்கள். இது சுடுமுன் மட்டுமே ஆகும்.

அடுத்துச் செய்ய

யாளி கைவந்தால் மற்றவையும் வரும். ஒவ்வொன்றிலும் ஒட்டு எங்கே விழுகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். மகரத்துக்கு, முதலை உடல் மீன்வாலாகும் இடுப்பு. புருஷாமிருகத்துக்கு, மனித மார்பு விலங்கின் தோளாகும் இடம். காமதேனுவுக்கு, கழுத்தும் சிறகின் வேரும். கண்டபேரண்டத்துக்கு, ஒரு நெஞ்சிலிருந்து இரண்டு கழுத்து பிரியும் கவை. அந்த ஓரிடத்தைத் தனியாகப் பத்து முறை செய்து பழகிவிட்டு முழு உருவத்துக்குப் போங்கள்.

வண்ணமும் கண் திறப்பும்

கல்தூண் சாயல் வேண்டுமானால், நீர்த்த கறுப்பு வண்ணத்தை முழுதும் பூசி உடனே துணியால் துடையுங்கள். பள்ளங்களில் மட்டும் கறுப்புத் தங்கி, கீறல்கள் எழுந்து நிற்கும். கொலுவுக்கு நிறம் வேண்டுமானால், முதலில் வெள்ளை பூசி உலர்த்தி, அக்ரிலிக் வண்ணம் தீட்டுங்கள். உடலுக்கு ஒரு நிறம், துதிக்கைக்கு வேறு நிறம் என்று பிரிக்க வேண்டாம். இவ்வளவு பாடுபட்டு மறைத்த ஒட்டை வண்ணம் காட்டிக்கொடுத்துவிடும். நிறம் நெற்றியிலிருந்து துதிக்கைக்குத் தடையின்றி ஓடட்டும்.

கண்ணைக் கடைசியில் திறப்பது சிற்பிகளின் வழக்கம். எல்லா வேலையும் முடிந்தபின், காலை வெளிச்சத்தில், நுனி கூரான தூரிகையால் கருவிழியை வையுங்கள். தூணில் நிற்கும் கல் யாளி நம் தலைக்கு மேலே இருக்கிறது. அதன் பார்வை கீழே இறங்கி நம்மேல் விழுகிறது. உங்கள் யாளி கொலுப்படியில், உங்கள் கண்ணுக்குக் கீழே நிற்கப் போகிறது. அதனால் விழியை உருண்டையின் நடுவில் வைக்காமல், ஓர் எள்ளளவு மேலே தள்ளி வையுங்கள். படியில் வைத்துவிட்டு எதிரே நின்று பாருங்கள். அது நிமிர்ந்து உங்களையே பார்த்தால், தூரிகையைக் கழுவி வைத்துவிடலாம்.